தொற்றுநோய்க் காலத்தில் சின்னப்பிள்ளைகளோடு வெளிநாடு: யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2021 டிசம்பரில் ஆறு வயது மகளையும் பதினான்கு மாத மகனையும் கூட்டிக்கொண்டு நான் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் போனேன். அப்பா அங்கே தம்பியோடு இருந்தார், சுகமில்லை. பேரனை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்கவில்லை. கணவருக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் மூவர் மட்டுமே போனோம். அதன் பிறகு சொந்தத்திலும் அயலிலுமாக ஆறு குடும்பங்களுக்கு அருகில் இருந்து ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆறு குடும்பமும் பாடுபட்டுத்தான் ஆயத்தம் செய்தன. ஆனாலும் இடறினார்கள். முதலில் செய்யவேண்டியதைப் பிறகும், பிறகு செய்யவேண்டியதை முதலிலும் செய்ததுதான் காரணம். எல்லோரும் ரிக்கெற்றை முதலில் எடுத்தார்கள். இந்த வழிகாட்டியில் ரிக்கெற் ஐந்தாவது படியில்தான் வரும்.

கொரோனாக் கால விதிகள் இப்போது இல்லை. கனடா தன் எல்லைக் கட்டுப்பாடுகளை 2022 ஒக்ரோபர் 1 இல் நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 இல் அவசரநிலையை முடித்தது. கீழே வரும் மணிக்கணக்கும் வயதுக் கணக்கும் அந்தக் காலத்து உதாரணங்கள். இன்னொரு தொற்று வந்தால் எண்கள் மாறும், செய்யும் ஒழுங்கு மாறாது.

1. பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள்

பயணத்துக்கு மூன்று மாதம் முன்னரே இதைத் தொடங்குங்கள். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் இருக்கும். என்னுடையதில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. வெளிநாட்டு எல்லை அதிகாரிக்கு இது விளங்காது. தாயின் பெயருக்கும் பிள்ளையின் பெயருக்கும் தொடர்பே இல்லாமல் தெரிவதால், "இவை உங்கள் பிள்ளைகள்தானா?" என்று கேட்பார். கேட்பது அவருடைய கடமை. பதில் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

அந்தப் பதில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தாயின் பெயர் அதில்தான் இருக்கிறது. தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் கொழும்புக்கு ஓடவேண்டாம், யாழ் மாவட்டச் செயலகத்தில் அந்த அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது.

இங்கே அதிகம் நடக்கும் பிழை எழுத்துக்கூட்டல்தான். மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். கடவுச்சீட்டில் 'த' வுக்குப் பக்கத்தில் ஒரு 'எச்' இருக்கும், மொழிபெயர்ப்பில் இருக்காது. நாங்கள் இரண்டையும் ஒரே பெயராகத்தான் வாசிப்போம், கணினி அப்படி வாசிக்காது. அதனால் மொழிபெயர்ப்பாளர், ஆய்வுகூடம், தடுப்பூசிச் சான்றிதழ் கொடுப்பவர், ரிக்கெற் போடுபவர் என்று பெயர் எழுதப்போகிற ஒவ்வொருவர் கையிலும் கடவுச்சீட்டின் படப்பக்கப் பிரதியைக் கொடுங்கள். வாயால் பெயர் சொல்லி எழுதவிடாதீர்கள்.

2. கடவுச்சீட்டும் மற்றப் பெற்றோரின் சம்மதமும்

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் இலங்கைக் கடவுச்சீட்டு மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். பெரியவர்களுடையது பத்து வருடம் என்பதால் பிள்ளையுடையது முடிந்துபோனதைப் பலர் கவனிப்பதில்லை. திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும் என்று கணக்கு வையுங்கள். போகும் நாளை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தரப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

படத்தைக் குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்கவேண்டும். கைக்குழந்தையை நித்திரை கொண்டு எழும்பி, பால் குடித்த கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். கண் திறந்திருக்கவேண்டும் என்பதால் பசிக்கிற நேரத்தில் போனால் இரண்டு மணி நேரம் அங்கேயே நிற்பீர்கள். எங்கள் காலத்தில் விண்ணப்பிக்க வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போகவேண்டியிருந்தது. 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய கடிதம் அனுப்பவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் எடுக்கும், முதலில் இதைக் கேட்டு அனுப்புங்கள்.

பயணத்துக்கான சம்மதக் கடிதம் வேறு. ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவர் "இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை, இந்த முகவரிக்கு, இன்னாருடன் போக எனக்குச் சம்மதம்" என்று ஆங்கிலத்தில் எழுதி, நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். கடவுச்சீட்டுப் பிரதியும் போன் இலக்கமும் அதோடு இருக்கட்டும். ரொறன்ரோவில் என்னிடம் இதைத்தான் முதலில் கேட்டார்கள்.

3. விதியை நான்கு இடத்தில் பாருங்கள்

போகிற நாடு, இடையில் மாறுகிற நாடு, விமான நிறுவனம், திரும்பிவரும்போது இலங்கை. இந்த நான்கும் வேறு வேறு விதி வைத்திருக்கலாம், எது கடுமையானதோ அதைத்தான் நீங்கள் நிறைவேற்றவேண்டும். மாறுகிற நாட்டைப் பலர் மறக்கிறார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே போகமாட்டோம் என்பதால் அந்த நாட்டு விதி தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு வயதெல்லையைத் தனியாகத் தேடுங்கள். 2021 இல் பயணத்துக்கு முந்திய பரிசோதனையிலிருந்து அமெரிக்கா 2 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும், கனடா 5 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும் விலக்கியிருந்தன. இங்கிலாந்தில் அந்த வருடம் பெரும்பகுதியும் 10 வயதுவரை விலக்கு இருந்தது. ஒரே பிள்ளைக்கு ஒரு நாட்டில் தேவையில்லாத பரிசோதனை இன்னொரு நாட்டில் கட்டாயமாகிவிடும். என் மகனுக்குத் தேவைப்படவில்லை, மகளுக்குத் தேவைப்பட்டது.

"அங்க இருக்கிற மாமா சொன்னவர், ஒண்டும் கேக்க மாட்டினம் எண்டு" என்று என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு. மாமா தான் வந்த மாதத்தில் கண்டதைச் சொல்கிறார். ஒமிக்ரோன் வந்ததும் அமெரிக்கா மூன்று நாளாக இருந்த பரிசோதனைக் கெடுவை 2021 டிசம்பர் 6 இலிருந்து ஒரு நாளாகக் குறைத்தது, அறிவித்துச் சில நாட்களுக்குள்ளேயே. ஆகையால் அரசாங்க இணையப் பக்கத்தை நீங்களே திறந்து வாசியுங்கள். பார்த்த திகதி தெரியும்படி அச்செடுங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னும், மூன்று நாள் முன்னும், வெளிக்கிடும் அன்று காலையிலும் திரும்பப் பாருங்கள்.

4. தடுப்பூசிப் பதிவுகள்

பெரியவர்களின் தடுப்பூசியில் வகையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் 2021 மே கடைசியில் தொடங்கிப் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சினோபார்ம். கனடா அதை ஏற்றுக்கொண்டது 2021 நவம்பர் 30 இலிருந்து. அதற்கு ஒரு வாரம் முன்னர் வெளிக்கிட்டிருந்தால், இரண்டு ஊசி போட்டும் நான் போடாதவளாகவே கணக்கிடப்பட்டிருப்பேன். போட்டாயிற்று என்பது மட்டும் போதாது, போட்ட வகையை அந்த நாடு எந்தத் திகதியிலிருந்து ஏற்கிறது என்பதையும் தேடுங்கள். கையில் உள்ள அட்டையோடு நிற்காமல், கியூஆர் குறியீடு உள்ள ஆங்கிலச் சான்றிதழையும் எடுங்கள்.

பிள்ளைகளுக்கு வழமையான ஊசிகள்தான் முக்கியம். ஊரடங்கு மாதங்களில் கிளினிக் தவறிய பிள்ளைகள் நிறையப் பேர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டோடு போய், விடுபட்டதைப் போட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே இதை முடித்துவிடவேண்டும். ஊசிக்காய்ச்சலோடு விமான நிலையத்தில் நின்றால், வெப்பமானிக்கு அது தொற்றா ஊசியா என்று தெரியாது.

நீண்டகாலம் தங்கப்போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். இங்கே சின்னமுத்துக்கான ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. கனடா போன்ற நாடுகள் முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளியில் இன்னொன்று போடச் சொன்னால் பயப்படவேண்டாம், பதிவு தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

5. இப்போதுதான் ரிக்கெற்

கடவுச்சீட்டு, விசா, விதி, ஊசி நான்கும் கையில் வந்தபின் ரிக்கெற் எடுத்தால், திகதியை நீங்கள் தீர்மானிப்பீர்கள். முதலில் எடுத்தால் திகதி உங்களை ஓட்டும். விலை கூடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் திகதி மாற்றிய இரண்டு குடும்பங்கள் கட்டிய தண்டப்பணம் அந்த விலை வித்தியாசத்தைவிட அதிகம்.

முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்கவேண்டும். இரண்டு நிறுவனங்களில் மலிவாகத் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். இடையில் மாறும் நேரம் மூன்று முதல் ஐந்து மணி வரை இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு பாதுகாப்புச் சோதனை தாண்டி, பம்பேர்ஸ் மாற்றி, அடுத்த வாசலுக்குப் போகமுடியாது. பத்து மணி நேரம் என்றால் சனக்கூட்டத்துக்குள் வீணாக இருக்கிறீர்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மடியில் போகலாம். ஆனால் பயணத்தின் நடுவில் இரண்டு வயது முடிந்தால் திரும்பி வருவதற்குத் தனி இருக்கை வாங்கவேண்டும். குழந்தைத் தொட்டில் வேண்டுமென்றால் ரிக்கெற் போடும்போதே கேளுங்கள், முன்வரிசையில் சிலதே உண்டு, பிள்ளையின் நிறைக்கு எல்லையும் உண்டு.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தை நம்பித் தொற்றுக்காலத் திட்டம் போடாதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பர் 12 இல்தான் திரும்பி வந்தது. சிறிய நிலையங்கள் முதலில் மூடிக் கடைசியில் திறக்கும். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தை வைத்தே கணக்குப் பாருங்கள்.

6. மூன்று வாரம் முன்: பிள்ளைகளைப் பழக்குங்கள்

இரண்டு வயதுக்குக் கீழே முகக்கவசம் போடவே கூடாது, மூச்சுத் திணறினால் கழற்றத் தெரியாது. ஐந்து வயதுவரை கட்டாயப்படுத்தவேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் சொன்னது. ஆனால் விமான நிறுவனம் வேறு வயது சொல்லலாம், படி மூன்றில் பார்த்திருப்பீர்கள்.

மகளுக்கு முதல் நாள் பத்து நிமிடம், பிறகு கார்ட்டூன் பார்க்கும் நேரம் முழுவதும், கடைசி வாரத்தில் மத்தியான நித்திரைக்கு முன் இரண்டு மணி நேரம் என்று கூட்டினேன். மூக்குக்கு மேலே போடவேண்டும் என்பதைக் கண்ணாடி முன்னால் அவளே கண்டுபிடித்தாள். புது முகக்கவசத்தைப் பயணத்தன்று முதன்முதலாகப் போட்டால் காதுக் கயிறு உரசி, மூன்றாவது மணித்தியாலத்தில் அழுகை வரும்.

மூக்கில் குச்சி விடுவதையும் சொல்லிப் பழக்குங்கள். "நோகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நோகும். பொய் என்று தெரிந்த பிள்ளை இரண்டாவது முறை மூக்கைக் காட்டாது. "கண்ணில தண்ணி வரும், பத்து வரைக்கும் எண்ணு, முடிஞ்சிடும்" என்று சொல்லி, பஞ்சுக் குச்சியால் மூக்கின் வெளியில் தொட்டு விளையாடினோம். ஆய்வுகூடத்தில் அவளை மடியில் முன்பக்கம் பார்க்க இருத்தி, ஒரு கையால் இரண்டு கையையும் அணைத்து, மற்றக் கையால் நெற்றியை என் நெஞ்சோடு பிடித்தேன். ஏழு என்று எண்ணும்போது முடிந்துவிட்டது.

7. கடைசிப் பத்து நாள்: பயணம் சொல்லப் போகாதீர்கள்

எங்கள் ஊரில் மிகக் கடினமான படி இதுதான். வெளிநாடு போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும். போகும் வீடெல்லாம் தேத்தண்ணி குடித்து, பிள்ளையை எல்லோரும் தூக்கிக் கொஞ்சி, கடைசி நாள் நல்லூரில் அரிச்சனை செய்து, வழியனுப்ப ஒரு வான் நிறைய ஆட்கள் ஏறுவார்கள். கிருமிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நான் உதவிய ஆறு குடும்பங்களில் பயணம் தள்ளிப்போன இரண்டுமே, தொற்று எங்கே வந்தது என்று யோசித்தபோது பயணம் சொல்லப்போன நாட்களைத்தான் நினைத்தன.

ஆகவே பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, மூத்தவர்களிடம் மட்டும், முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடைசிப் பத்து நாளும் பிள்ளைகள் ரியூசனுக்கும் போகவேண்டாம், கலியாண வீட்டுக்கும் போகவேண்டாம். மிச்ச எல்லோருக்கும் போனில் சொல்லுங்கள். என் பெரியம்மா முதலில் கோபித்தார். "அப்பாவைத் தான் பாக்கப் போறன் பெரியம்மா, அவருக்கு ஒரு வருத்தமும் கொண்டுபோய்க் குடுக்கக் கூடாது" என்று காரணத்தைச் சொன்னதும் அவரே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். காரணத்தோடு சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

8. பரிசோதனை: பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒரு கொப்பி ஒற்றையை எடுங்கள். அடியில் விமானம் புறப்படும் நேரத்தை எழுதி, மேல்நோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். இதை மனக்கணக்காகச் செய்தவர்கள்தான் இடறினார்கள்.

கனடா அப்போது 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையைக் கேட்டது. முதலில் அந்த 72 மணி நேரம் எங்கேயிருந்து எங்கே என்று பாருங்கள். தொடக்கம் மூக்கில் குச்சி விட்ட நேரம். அறிக்கை வந்த நேரம் இல்லை. முடிவு நாட்டுக்கு நாடு மாறும். கனடா கேட்டது, கனடாவுக்கு நேரே போகும் கடைசி விமானத்தின் புறப்படும் நேரம்.

ஒரு கணக்குப் போடுவோம். கட்டுநாயக்காவிலிருந்து ஞாயிறு காலை 10 மணிக்கு விமானம். வியாழன் பின்னேரம் 2 மணிக்கு மாதிரி கொடுத்தால் புறப்படும்போது 68 மணி நேரம், சரியென்று தோன்றும். ஆனால் இடையில் மாறி, ரொறன்ரோவுக்கான கடைசி விமானம் இலங்கை நேரப்படி திங்கள் அதிகாலை 1.30 க்குப் புறப்படுகிறது. அப்படியானால் அந்த மாதிரிக்கு 83 மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது, செல்லாது. கடைசி விமானத்திலிருந்து 72 ஐக் கழித்தால் வெள்ளி அதிகாலை 1.30. அதற்குப் பிறகுதான் மாதிரி கொடுக்கவேண்டும். வெள்ளி காலை 8 மணிக்குக் கொடுத்தால் அறுபத்தைந்தரை மணி நேரம். விமானம் ஆறு மணி நேரம் தாமதித்தாலும் தாங்கும்.

இனி அந்த வெள்ளி காலை 8 மணியிலிருந்து கீழே இறங்குங்கள். அறிக்கை எப்போது வரும்? மாலை வந்தால் சனி காலை யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடலாம். அடுத்த நாள் பின்னேரம்தான் வருமென்றால் சனி காலை வெளிக்கிட்டு வழியில் பெறவேண்டும், அல்லது வியாழனே நீர்கொழும்புக்குப் போய் அங்கே மாதிரி கொடுக்கவேண்டும். எந்த ஆய்வுகூடத்தின் அறிக்கையை அந்த நாடு ஏற்கும், எத்தனை மணி நேரத்தில் தருவார்கள், வெள்ளியும் சனியும் போயா நாளும் திறந்திருக்குமா, சின்னப்பிள்ளைக்கு எடுப்பார்களா என்ற நான்கையும் ரிக்கெற் எடுத்த கிழமையே போனில் கேட்டு அதே ஒற்றையில் எழுதுங்கள்.

நல்ல நேரம் பார்ப்பவர்கள் அதையும் இப்போதே பஞ்சாங்கத்தில் பார்த்து ஒற்றையில் சேருங்கள். கடைசி நிமிடத்தில் இராகு காலம் என்று ஒன்றரை மணி நேரம் நின்றால் இந்தக் கணக்கு முழுவதும் சரியும்.

அறிக்கை கையில் வந்ததும் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்: பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், மாதிரி எடுத்த திகதியும் மணியும், பரிசோதனை வகை. மகளின் அறிக்கையில் பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல முதலெழுத்தும் பெயரும் மட்டும் இருந்தது. வெள்ளி மாலை கண்டதால் இரவுக்குள் திருத்தித் தந்தார்கள். கவுண்டரில் கண்டிருந்தால் நாங்கள் மூவரும் திரும்பியிருப்போம்.

முடிவு தொற்று உண்டு என்று வந்தால் இன்னொரு ஆய்வுகூடத்துக்கு ஓடாதீர்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் படுத்தவர்கள், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்துகொண்டிருக்கும். விமான நிறுவனத்துக்கு உடனே அறிவித்துத் திகதி மாற்றுங்கள், அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். சுகமான பிறகும் பிசிஆர் பரிசோதனை வாரக்கணக்கில் தொற்று என்று காட்டலாம். அதனால்தான் கனடா போன்ற நாடுகள், குறித்த நாட்களுக்கு முன் வந்த பழைய தொற்று அறிக்கையைச் சுகமானதற்கு ஆதாரமாக ஏற்றன.

9. கைப்பை

பெரிய சூட்கேஸை யாரும் அடுக்கலாம். இந்தப் பையை நீங்களே அடுக்குங்கள், இருட்டில் கைவிட்டு எடுக்கத் தெரியவேண்டும்.

பம்பேர்ஸ்: வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை எத்தனை மணி நேரமோ அதை மூன்றால் பிரித்து, ஐந்து கூட்டுங்கள். 30 மணி நேரத்துக்கு 15. உடுப்பு பிள்ளைக்கு இரண்டு சோடி, உங்களுக்கும் ஒரு சட்டை. பிள்ளை சத்தி எடுப்பது உங்கள் மேல்தான், இதை எல்லோரும் மறக்கிறார்கள்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பூ சேர்ந்த எதுவும் வேண்டாம், புட்டும் இடியப்பமும் மத்தியானத்துக்குள் பழுதாகும். வறுத்த குரக்கன்மா அல்லது அரிசிமாவை ஒருநேர அளவுகளாகச் சின்ன டப்பாக்களில் போட்டால், விமானத்தில் சுடுதண்ணி வாங்கிக் கரைக்கலாம். பால்மாவும் அப்படியே. மாரி பிஸ்கற் நல்லது. கச்சானும் கடலையும் ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம், புரைக்கேறினால் ஆகாயத்தில் ஆஸ்பத்திரி இல்லை. பழம் மிஞ்சினால் இறங்குமுன் சாப்பிட்டு முடியுங்கள். கைக்குழந்தையின் பாலுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பொதுவாக இல்லை, ஆனால் சோதனைத் தட்டில் தனியே எடுத்து வைத்துச் சொல்லவேண்டும். சனிற்றைசருக்குக் கட்டுப்பாடு உண்டு.

மருந்து: பரசிற்றமோல் பாணி, வெப்பமானி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி. பரசிற்றமோல் அளவு வயதில் இல்லை, நிறையில். அந்தக் கிழமை பிள்ளையை நிறுத்து, டொக்டரிடம் "ஒருமுறைக்கு இத்தனை மில்லிலீற்றர்" என்று ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் போத்தலிலேயே ஒட்டுங்கள். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. நித்திரை வரப்பண்ணச் சளி மருந்து கொடுக்கச் சொல்லும் சொந்தக்காரர் இருப்பார்கள். கொடுக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது மூச்சைக் குறைக்கும், சில பிள்ளைகளை எதிர்மாறாகத் துடிதுடிக்க வைக்கும்.

பத்திரங்கள் ஒரே கோப்பில், ஒழுங்காக: கடவுச்சீட்டுகள், விசா, பரிசோதனை அறிக்கை, தடுப்பூசி, அந்த நாட்டு இணையப் படிவத்தின் ரசீது, பிறப்புச் சான்றிதழ்கள், சம்மதக் கடிதம், தங்குமிட முகவரி. போனில் மட்டும் வைத்திருந்தால் பிள்ளை கார்ட்டூன் பார்த்துச் சார்ஜ் முடிந்துவிடும்.

10. கட்டுநாயக்கா வரை

இரவு பஸ் வேண்டாம். காற்று மூடிய பஸ்ஸில் பத்து மணி நேரம் நாற்பது பேரோடு இருந்துவிட்டு விமானத்தில் முகக்கவசம் போட்டுப் பயனில்லை. வான் பிடித்து, யன்னல் திறந்து, பகலில் போங்கள். வழியனுப்ப ஒருவர் போதும், அவர் கடைசிவரை பிள்ளையைத் தூக்கக்கூடியவராக இருக்கட்டும்.

காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் போய், புத்தளம், சிலாபம் வழியால் இறங்கினால் கொழும்புக்குப் போகாமலே நீர்கொழும்பு வரும். விமான நிலையம் அதற்குப் பக்கம். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, மர நிழலில் வெளியில் வைத்துச் சாப்பாடு கொடுங்கள். அன்றிரவு நீர்கொழும்பில் தங்குங்கள். ஒரே மூச்சில் வந்து நேரே ஏறிய குடும்பத்தின் பிள்ளைகள் வரிசையிலேயே சோர்ந்து சத்தி எடுத்தார்கள், களைப்பில் சூடாகும் உடம்பு வெப்பமானியில் சந்தேகம் கிளப்பும். மாகாணப் பயணத்தடை இருந்தால், ரிக்கெற்றைக் காட்டிப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி பற்றி முன்னரே கேட்டு வையுங்கள்.

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன் கவுண்டரில் நில்லுங்கள். தொற்றுக்காலத்தில் ஒரு குடும்பத்தின் பத்திரம் பார்க்க இருபது நிமிடம் எடுத்தது.

11. விமானத்துக்குள்

பிள்ளை யன்னல் பக்கம், நீங்கள் நடைபாதைப் பக்கம். போகிற வருகிறவரின் மூச்சும் கையும் உங்கள் மேல்தான் படவேண்டும். கைபிடி, மேசை, இருக்கைப்பட்டிப் பூட்டு மூன்றையும் துடையுங்கள், பிள்ளை நக்கும் இடங்கள் அவை.

எல்லோருக்கும் சாப்பாடு வரும்போது நீங்கள் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அந்த அரைமணி நேரம் விமானம் முழுவதும் முகக்கவசம் கழற்றியிருக்கும். அதற்கு முன்னோ பின்னோ கொடுங்கள். இறங்கத் தொடங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், விழுங்கினால் காது அடைப்பு எடுபடும். மேலே ஏறும்போதே குடித்து நித்திரையாகிவிட்டால், இறங்குவதற்கு அரைமணி முன் எழுப்புவது பாவம் என்று விடாதீர்கள்.

12. இறங்கிய பின்

எனக்கும் மகளுக்கும் அங்கே இறங்கியபின் இன்னொரு பரிசோதனை இருந்தது, முடிவு வரும்வரை தனித்திருக்கவேண்டும். தம்பியின் வீட்டுக் கீழ்த்தளத்தை, தனிக் குளியலறையோடு, ஒரு மாதம் முன்னரே கேட்டு ஒழுங்கு செய்திருந்தேன். இதை ரிக்கெற் எடுத்த அன்றே கேளுங்கள். தனி அறை இல்லாத வீட்டில், சுகமில்லாத வயோதிபரோடு, பிள்ளைகளைப் பிரித்து வைப்பது நடக்காத காரியம். அப்பா மேல்படியிலும் நாங்கள் கீழ்ப்படியிலும் இருந்து மூன்று நாள் கதைத்தோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு "எத்தனை நித்திரை கொண்டால் அம்மப்பாவிடம் போகலாம்" என்ற கணக்கு விளங்கும், சுவரில் கோடு போட்டு ஒவ்வொரு காலையும் ஒன்றை வெட்டினாள்.

குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களைவிட பத்தரை மணி நேரம் பின்னால். அதிகாலை இரண்டு மணிக்குப் பிள்ளைகள் விளையாட எழும்புவார்கள். பகலில் யன்னல் வெளிச்சத்தில் வைத்திருங்கள், மத்தியான நித்திரையை ஒன்றரை மணியில் எழுப்புங்கள்.

தினமும் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். மூச்சு வேகமாகி நெஞ்சுக்கூடு உள்ளே இழுபட்டால், குடிக்க மறுத்தால், எட்டு மணி நேரம் சலம் போகாவிட்டால், எழுப்பியும் சோர்ந்தே கிடந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் என்றாலே போகவேண்டும். அவசர இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் கதவில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் புது முகவரி வாயில் வராது.

கனடாவில் அப்போது ஊசி போடாத 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் முதல் 14 நாளும் பள்ளிக்கோ சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்கோ போகக்கூடாது. வந்த கிழமையே ஊர் ஆட்கள் பிள்ளைகளைப் பார்க்க வருவதற்கும் இதே நாட்கணக்கைச் சொல்லுங்கள்.

நான்காம் நாள் காலை முடிவு வந்தது. மகனை அப்பாவின் மடியில் வைத்தேன். அன்று இரவு பிள்ளைகள் நித்திரையானபின், திரும்பும் திகதியை அடியில் எழுதி, இலங்கை விதியைத் திறந்து, புது ஒற்றையில் மேல்நோக்கி எண்ணத் தொடங்கினேன். நீங்களும் அதை அந்த முதல் வாரத்திலேயே செய்யுங்கள். திரும்பும் பரிசோதனைக்கு அங்கே நாள் பதிவதற்கு இங்கேயைவிட அதிக நாள் எடுக்கலாம்.